பெயரற்ற வைரஸும் மான் எலியும்

1993 மே மாதத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நவஹோ பழங்குடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் திடீரென மூச்சுத்திணறி இறந்தார். நல்ல உடல்வலிமை கொண்ட ஓட்டவீரர் அவர். அவர் மணக்கவிருந்த பெண்ணும் சில நாட்களுக்கு முன்புதான் அதே விதமாக இறந்திருந்தார். நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் வட்டாரத்தில் இத்தகைய மரணங்கள் மேலும் தெரியவந்தன. 'நவஹோ காய்ச்சல்' என்ற பெயர் பரவியது. நோயைவிட வேகமாக அப்பெயர் பரவியதால் நவஹோ மக்கள் வெளியூர்களில் ஒதுக்கப்பட்டனர்.

சில வாரங்களிலேயே நோய்க்குக் காரணம் ஒரு ஹன்டா வைரஸ் என்று கண்டறியப்பட்டது. கொரியப் போரில் ஐ.நா. படையினர் சுமார் 3,000 பேரைத் தாக்கிய வைரஸின் இனம் இது. அது சிறுநீரகத்தைத் தாக்கியது. இது நுரையீரலைத் தாக்கியது. வீடுகளிலும் சுற்றுப்புறத்திலும் பொறிவைத்துப் பிடித்த கொறிவிலங்குகளில் மான் எலியே வைரஸின் உறைவிடம் எனத் தெரிந்தது. பழுப்பு முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட இந்தச் சிறிய எலி நோயுற்றதாகத் தோன்றுவதில்லை. அதன் சிறுநீரும் எச்சமும் காய்ந்து தூசியுடன் கலந்து மனிதரின் மூச்சில் புகுகின்றன.

இது புதிய வைரஸா? ஏன் 1993இல்? இதற்கான விடைகள் முன்பே சேர்ந்திருந்தன. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் செவியெட்டா காட்டுயிர்க் காப்பகத்தில் 1980களின் இறுதியிலிருந்து எலிகளைப் பிடித்து, அடையாளமிட்டு, எண்ணி, விட்டுவந்தனர். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பயனற்றதாகத் தோன்றக்கூடிய வேலை. எல் நினோ கொண்டுவந்த மழையாலும் பனியாலும் பினியான் கொட்டைகளும் வெட்டுக்கிளிகளும் பெருகின, அவற்றைத் தின்று எலிகளும் பெருகின. 1992 மே முதல் 1993 மே வரை அவை சுமார் பத்து மடங்கு ஆயின என மதிப்பிடப்பட்டது. அப்பல்கலைக்கழக அருங்காட்சியகம் உறைநிலையில் பாதுகாத்த பழைய எலித் திசுக்களிலும் வைரஸின் தடயம் இருந்தது. வைரஸ் புதிதல்ல, எலிப்பெருக்கமே அதை மனிதரிடம் கொண்டுவந்தது. நவஹோ மருத்துவ மரபிலும் இதுபோன்ற நோய் எலிகளோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்தது.

வைரஸுக்கு முன்மொழியப்பட்ட பெயர்களில் ஒன்று முவெர்ட்டோ கன்யன். 1805இல் நவஹோ மக்களை ஸ்பானியப் படை படுகொலை செய்த 'மரணப் பள்ளத்தாக்கை' அது நினைவூட்டியதால் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் ஸ்பானிய மொழியில் 'பெயரற்றது' எனப் பொருள்படும் சின் நோம்ப்ரே என்பதே பெயராயிற்று.

1997இல் எல் நினோ மீண்டும் வந்தபோது எலிகளைக் கணக்கிட்டுவந்த ஆய்வாளர்கள் முன்கூட்டியே எச்சரித்தனர். 1998, 1999 ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை மறுபடி உயர்ந்தது.