நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாரிசுரிமையும் திருமணச் சான்றும்

தோட்டப் பாட்டாளி ஒருவர் இறந்தபின் அவர்தம் மனைவிக்கு எஞ்சுவது யாது? இவ்வினாவை நெகிரி செம்பிலானில் வைத்து நோக்குவது தனிப்பயன் உடையது. இம்மாநிலக் கம்பங்களில் அடாட் பெர்பாத்தே மரபின்படி குலநிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றது. 1909ஆம் ஆண்டின் மரபு நிலவுரிமைச் சட்டம் அதனைப் பதிவேட்டிலும் காத்தது. லாபு, சுவா பெத்தோங் முதலிய தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களுக்கோ நிலமும் இல்லை, வீடும் இல்லை. லயத்து வீடு நிர்வாகத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போயிற்று.

நகையும் மாடும் மட்டுமே சொத்தாக இருந்தவரை நீதிமன்றத்திற்குத் தேவை எழவில்லை. 1951இல் ஊழியர் சேமநிதி தோன்றியபின் இறந்தவர் பெயரில் பணம் நின்றது. பணம் நின்ற இடத்தில் பத்திரமும் வேண்டியதாயிற்று. உயில் எழுதும் வழக்கமோ அரிது. உயிலின்றி இறந்த முஸ்லிமல்லாதார் சொத்தை 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பிரிக்கின்றது. அச்சட்டம் தொடக்கத்தில் பிள்ளைகளுடைய கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு அளித்தது. மனைவி இறப்பின் கணவனுக்கோ முழுவதும் அளித்தது! 1997ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வேற்றுமையை நீக்கிப் பெற்றோருக்கும் பங்கு வகுத்தது.

எனினும், பங்கின் அளவினும் பெரிய சிக்கல் ‘மனைவி யார்’ என்பதே. 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கிற்று. அதற்கு முன் மரபுப்படி முறையாக நடந்த திருமணங்களைப் பதிவு பெற்றனவாகவே அச்சட்டம் கருதுகின்றது. பின்னர்க் கோயிலில் தாலி கட்டிப் பதியாதுவிட்டோரின் நிலை வழக்கிற்குரியது. பிள்ளைகளும் இதில் சிக்குகின்றனர். பகிர்வுச் சட்டத்தில் ‘பிள்ளை’ என்பது சட்டமுறைப் பிள்ளையையே குறிக்கும். உறவினர் பிள்ளையை எடுத்து வளர்ப்பது நம்மவரிடையே இயல்பு. 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்வழி தத்தெடுக்கப்படாத அப்பிள்ளைக்குப் பங்கில்லை.

இன்று நிலமோ வீடோ அடங்கிய, ஐம்பது இலட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாத சொத்துகளை, உயில் இல்லாதவிடத்து, நில அலுவலகமே பகிர்ந்தளிக்க இயலும். 2024 ஜூலைவரை இவ்வரம்பு இருபது இலட்சமாக இருந்தது. வரம்பு உயர்ந்ததால் தாலிக்குச் சான்று கிடைத்துவிடவில்லை. 1982க்கு முற்பட்ட திருமணங்களை நேரில் கண்டோர் முதுமை எய்தினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் மக்கள் சிதறினர். இந்நிலையில் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் கவனத்திற்குரியன. மாணவர் பெயருக்கு எதிரே பெற்றோர் பெயரும் அவற்றில் இடம்பெறுகின்றது. மூடப்பட்ட பள்ளிகளின் பதிவேடுகள் எங்குள்ளன என்பதைப் பட்டியலிடும் பணியை ஆசிரியர்களே தொடங்கலாம்.