தேர்வெழுதிய வழிகாட்டியும் கேஸ் வாங்கிய வழிகாட்டியும்

தென்னாப்பிரிக்காவில் காட்டு வழிகாட்டியாக வேண்டுமென்றால் எந்த வாசலில் நுழைவது என்ற குழப்பம் கிடையாது. 1990இல் தொடங்கிய ‘ஃபகாசா’ என்னும் கள வழிகாட்டிகள் சங்கத்தின் பாடத்திட்டம் இருக்கிறது. பாறை, வானிலை, புல், மரம், பறவை, நட்சத்திரம் எல்லாம் படித்து எழுத்துத் தேர்வு. பிறகு திறந்த வண்டியில் பயணிகளை அழைத்துப்போய்க் காட்டும் செய்முறைத் தேர்வு. நடத்திக் கூட்டிப்போகும் தகுதி அடுத்த படி. அதற்குத் துப்பாக்கி சுடத் தெரிய வேண்டும். யானை, எருமை, சிங்கத்தை நடந்துபோய் எதிர்கொண்ட தடவைகள் பதிவேட்டில் ஏற வேண்டும்.

தேக்கடியில் எல்லாம் தலைகீழ். 1990களின் பிற்பகுதியில், பெரியாறு காட்டில் வயணா என்னும் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களை வனத்துறை கூப்பிட்டுப் பேசியது. வழக்குகள் இருந்த ஆட்கள், சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு குழுவானார்கள். எந்தச் சரிவில் யானை இறங்கும், எந்த ஓடையோரம் இரவைக் கழிக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. காவலர் கண்ணில் படாமல் காட்டுக்குள் கிடந்தவர்கள் ஆயிற்றே! புதிதாகக் கற்க வேண்டியிருந்தது விருந்தாளியைத்தான். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை துணியுறையை மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டிவிடுவது, பறவைக்கு ஆங்கிலப் பெயர் சொல்வது, மூச்சு வாங்குகிறவருக்காக நடையைக் குறைப்பது. துப்பாக்கியோடு கூட வருபவர் வனக்காவலர். கூடாரத்தில் தங்கி நடக்கும் ‘டைகர் டிரெயில்’ இவர்களால் பேர் வாங்கியது; நடக்கிற வழியெல்லாம் காவல் ரோந்தும் ஆகிவிடுகிறது.

ஃபகாசா பாதையில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பேசுகிறார். தடம் பார்ப்பவர், பெரும்பாலும் உள்ளூர்க்காரர், வண்டியின் மூக்கில் பொருத்திய இருக்கையில் உட்கார்ந்து கைகாட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத இவர்களுக்கும் சான்று கிடைக்கட்டும் என்று லூயிஸ் லீபன்பெர்க் 1990களில் ‘சைபர்டிராக்கர்’ தேர்வைக் கொண்டுவந்தார். தேர்வாளர் மண்ணில் ஒரு தடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, யாருடையது என்று கேட்பார். பேனா வேண்டாம். பதில் தப்பானால் ஏன் தப்பு என்று அங்கேயே குனிந்து காட்டுவார்.

பட்டைக்காரர்கள் இந்தத் தேர்வை ஊதித் தள்ளிவிடுவார்கள். ஆனால் அவர்கள் வந்த வழியில் இன்னொருவர் வர முடியாது, வரவும் கூடாது. குமுளியிலோ கம்பத்திலோ காட்டுமேல் ஆசையோடு நிற்கும் இருபது வயதுப் பையனிடம், ‘முதலில் போய்ப் பட்டை திருடிவிட்டு வா’ என்றா சொல்வது?