விலைபேசப்பட்ட நாயகர்: பாப் மெக்கடூ

1970களின் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஓர் ஆட்டக்காரர் எந்த நகரத்துக்காக ஆடுவார் என்பதை அவரது திறமையைவிடக் கழக உரிமையாளர்களின் வரவுசெலவுக் கணக்கே பல வேளைகளில் முடிவு செய்தது என்பதற்கு, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1951இல் பிறந்த பாப் மெக்கடூவின் வாழ்க்கை தெளிவான சான்றாகும். புதிய ஆட்டக்காரர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ நடைமுறையில் 1972இல் இரண்டாவதாகத் தேர்வாகி பஃபலோ பிரேவ்ஸ் அணியில் சேர்ந்த அவர், 6 அடி 9 அங்குல உயரமிருந்தும், அக்கால நெடியவர்களைப் போல வளையத்தின் அடியிலேயே நின்று முட்டிமோதாமல், தொலைவிலிருந்து எம்பி, பந்தைத் தலைக்கு மேல் உயர்த்தி எறியும் ‘ஜம்ப் ஷாட்’டையே முதன்மை ஆயுதமாகக் கொண்டார். 1974 முதல் தொடர்ந்து மூன்று பருவங்கள் புள்ளிச் சராசரியில் அவரே முதல்வர்; ஆட்டத்துக்கு 34.5 புள்ளிகள் குவித்த 1974-75 பருவத்தில், ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குரிய எம்விபி விருதும் அவருக்கே கிடைத்தது.

அத்தகையவரைத்தான் 1976 டிசம்பரில் பஃபலோ, முதன்மையாகப் பணத்துக்காக, நியூயார்க் நிக்ஸுக்குக் கைமாற்றியது. அப்போது பஃபலோவின் பங்குதாரராயிருந்த ஜான் ஒய். பிரவுன் பின்னர் பாஸ்டன் செல்டிக்ஸின் உரிமையாளராகி, அணியை நடத்திவந்த ரெட் ஆவர்பாக்கைக் கலந்துகொள்ளாமலே, டிராஃப்டின் மூன்று முதற்சுற்றுத் தேர்வுரிமைகளைக் கொடுத்து 1979இல் அதே மெக்கடூவை வாங்கினார். சில மாதங்களிலேயே அவர் டெட்ராய்ட்டுக்கு அனுப்பப்பட்டார். ஈடாகப் பாஸ்டன் பெற்ற தேர்வுரிமைகளின் வழியாகவே ராபர்ட் பாரிஷும் கெவின் மெக்ஹேலும் அவ்வணிக்கு வந்து சேர்ந்தனர். பாஸ்டனின் பொற்காலத்துக்கு வித்தானவருக்கு மிஞ்சியதோ, எங்கும் நிலைக்காதவர், தன்னலக்காரர் என்ற பழி. அது அநீதியான பழியே என்பதை அடுத்த ஆண்டுகள் காட்டின.

1981 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸில் சேர்ந்த முன்னாள் எம்விபி, தொடக்க ஐவரில் இடம் கேட்டு நிற்காமல், இடையில் களமிறங்கும் மாற்று ஆட்டக்காரராக ஆடி 1982, 1985 சாம்பியன் பட்டங்களில் பங்குகொண்டார். 1985 இறுதியாட்டத் தொடரில் லேக்கர்ஸ் வீழ்த்தியது, பாரிஷும் மெக்ஹேலும் ஆடிய அதே பாஸ்டனைத்தான்.

ஃபிலடெல்பியாவில் சிறிது காலம் ஆடியபின், 1986இல் இத்தாலியின் மிலான் நகரக் கழகத்துக்குச் சென்றார். அவ்வாண்டு ஐரோப்பியக் கோப்பையின் தொடக்கக் கட்டத்தில், இரு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்யும் முறையில், மிலான் கிரீஸின் ஆரிஸ் அணியிடம் தெசலோனிக்கியில் 67–98 எனத் தோற்றது. 31 புள்ளிப் பள்ளத்திலிருந்து மீள்வது நடவாத காரியம் என்றே பலரும் எண்ணியிருக்க, சொந்தத் திடலில் 83–49 என வென்று, மூன்றே புள்ளி மிகையில் மிலான் முன்னேறியது. 1987இல் லோசானிலும் 1988இல் கெண்ட்டிலும் நடந்த இறுதியாட்டங்களில் மக்காபி டெல் அவிவை வென்று கோப்பையை இருமுறை கைப்பற்றிய அவ்வணியில், முப்பத்தைந்தைக் கடந்த மெக்கடூவே முதன்மைத் தூணாக விளங்கினார். பின்னர் ஃபோர்லி, ஃபப்ரியானோ என்னும் சிறு நகர அணிகளிலும் ஆடிவிட்டு 1993இல் ஓய்வுபெற்றார்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 1996இல் அறிவித்த ஐம்பது தலைசிறந்தோர் பட்டியலில், எம்விபி விருது பெற்றிருந்தும் அவர் பெயர் இடம்பெறவில்லை. 2000இல் கூடைப்பந்துப் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது; ஆனால் என்.பி.ஏ.வின் பட்டியலில் அவர் இடம்பெற, 75ஆம் ஆண்டுவிழாவையொட்டி 2021இல் அது விரிவாக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.