பீஸ்

புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணீவனம் என்ற நாமத்தைத் திண்டிவனமாகத் தேய்த்துக்கொண்ட ஜனங்களுக்கு, 'பியூஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பீஸ் ஆக்குவது பிரயாசையன்று; மின்கட்டணம் கட்டாத வீட்டில் பிடுங்கப்படுவதும், திடீரென்று 'போய்விடுவதும்' விழுப்புரம் வட்டாரத்தில் இந்தப் பீஸ்தான். உருக்கப்பட்டது எனப் பொருள் தரும் லத்தீன் சொல் அதன் மூலம்; நம் கலைச்சொல்லாகிய 'உருகி'யும் அப்பொருளதே. வெடித்திரியைக் குறிக்கும் பியூஸோ, நூற்கதிரைச் சுட்டிய வேறொரு லத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒலியொற்றுமை கண்டு இரண்டையும் உறவாக்குதல் பிழை.

கம்பத்திலிருந்து பூமிக்கடியில் வீட்டுக்கு வரும் கேபிள், ஈரமண்ணில் தன் உஷ்ணத்தை எளிதில் விட்டுவிடும், கோடையில் வறண்ட மண்ணில் திணறும். ஆகையால் அது கெடுமுன் பீஸ் கட்டையின் கம்பி உருகிவிட வேண்டும். கம்பி மாற்றும் பீஸ், தன் மதிப்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு மின்சாரம் பாய்ந்தாலன்றி உருகாதாதலால், கேபிளின் தாங்குதிறனை 0.725 ஆல் பெருக்கி வரும் அளவுக்கு மேற்படாததே உசிதம்: 60 ஆம்பியர் கேபிளுக்கு 43.5. அடிக்கடி போகிறதென்று சில சாமர்த்தியசாலிகள் தடித்த செப்புக்கம்பியை முறுக்கிச் செருகுவார்களாயின், அடுத்து உருகுவது மண்ணுக்குள் கிடக்கும் கேபிளின் உறை.