இயக்க நரம்புப் பாதைகள்

மனிதன் தன் இச்சைப்படி அவயவங்களை அசைப்பதற்குரிய ஆணையை மூளையிலிருந்து தசைகளுக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழைத் தொகுதிகள் இயக்க நரம்புப் பாதைகள் எனப்படும். அவற்றுள் பிரதானமானது, பெருமூளைப் புறணியில் தோன்றித் தண்டுவடத்தில் முடியும் பாதை. முகுளத்தின் முன்புறத்தில் இரு கூம்புகளாகப் புடைத்துத் தோன்றுவதால் கூம்புப் பாதை என்றும் அதனை வழங்குவர்.

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டில், நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடைப்பட்ட அந்த நெரிசலினூடே, பூக்கட்டும் பெண்மணி ஒருவரின் விரல்களைச் சற்றே நின்று நோக்குவோர்க்கு இப்பாதையின் மகிமை பிரத்தியட்சமாகும். இரண்டு மல்லிகை மொட்டுகளை ஒருபுறமும் இரண்டை எதிர்ப்புறமும் காம்போடு காம்பு சேரவைத்து, இடக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நசுங்காமல் பற்றி, வலக்கையால் வாழைநாரைச் சுற்றிக் கண்ணியிட்டு இறுக்கும் அவர், விலை கேட்போர்க்கு விடையும் சொல்லிக்கொண்டிருப்பார். நாரை இழுக்கும் அந்த வலக்கைக்குரிய ஆணை, மூளையின் இடப்பாதியில், நடுப்பிளவுக்கு முன்னுள்ள மடிப்பில் பிறக்கிறது. உட்கூடு என்னும் குறுகிய கணவாய் வழியே இறங்கி, முகுளத்தின் அடியில் பெரும்பாலும் வலப்பக்கம் மாறி, கழுத்தளவிலுள்ள தண்டுவடத்தின் முன்கொம்பு நரம்பணுக்களை அடைந்து, அங்கிருந்து கையின் தசைகளுக்குச் செல்கிறது. புறணியிலிருந்து விரல்வரை இதற்காகும் காலம் ஒரு விநாடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. விரல்களை ஒவ்வொன்றாகத் தனித்து இயக்கும் நுண்மை, இடைநிலை அணுக்களின் உதவியின்றி முன்கொம்பை நேரே தொடும் இழைகளால் வாய்ப்பது. குரங்கினத்திலும் மனிதரிடத்திலும் விசேஷமாக வளர்ந்த சம்பத்து இது.

ஒருபக்கத்து மூளை மறுபக்கத்து உடலை ஆள்கிறது என்ற உண்மையைப் பண்டைய கிரேக்க வைத்தியர்களே காயம்பட்டோரிடம் ஊகித்திருந்தனராயினும், இழைகள் குறுக்கே மாறுவதை 1709இல் இத்தாலியரான மிஸ்டிசெல்லி விவரித்தார். மறு ஆண்டு பிரெஞ்சுப் படையின் மருத்துவரான பூர்ஃபூர் து பெத்தி, காயமுற்ற சிப்பாய்களின் செயலிழப்பைக் கொண்டும் நாய்களிடம் செய்த பரீட்சைகளைக் கொண்டும் அதனை உறுதிப்படுத்தினார். 1870இல் பிரிட்ச், ஹிட்சிக் என்னும் ஜெர்மானியர் இருவர் நாயின் புறணியை மின்சாரத்தால் தூண்டி எதிர்ப்பக்கத்து அவயவங்களை அசையச் செய்தபின், இயக்கத்துக்கென மூளையில் தனிப் பிரதேசம் உண்டென்பதில் ஐயமின்றிப் போயிற்று. 1937இல் கனடாவின் மாண்ட்ரியாலில் பென்ஃபீல்டும் போல்ட்ரியும், விழித்திருந்த நோயாளிகளின் புறணியைத் தொட்டுத்தொட்டு ஆராய்ந்து, கைக்கும் முகத்துக்கும் அங்கே ஒதுக்கப்பட்ட இடம் அவற்றின் பருமனுக்கு எவ்வளவோ மிகைப்பட்டது என்று காட்டினர்.

அந்தப் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தோற்றுவித்தார், 1950இல் பி. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். 1960களில் அவரும் பாலசுப்பிரமணியமும் கனகாவும், மூளையின் ஆழத்திலுள்ள அடிமுடிச்சுகளின் கோளாற்றால் உண்டாகும் நடுக்குவாதத்துக்கு, அளந்து குறித்த புள்ளியில் மட்டும் கருவியைச் செலுத்தும் சிகிச்சையை நிகழ்த்தினர். அடிமுடிச்சுகளும் சிறுமூளையும் தசைகளுக்கு நேரே ஆணையிடுபவை அல்ல. முன்னவை இயக்கத்தைத் தொடக்கியும் தடுத்தும் சீர்செய்ய, பின்னது அளவும் காலமும் பிசகாமல் திருத்துகிறது. நடுக்குவாத விஷயத்தில் சென்னைக்கு மற்றொரு பெருமையும் உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். நடுக்குவாதத்தில் டோபமின் என்னும் மூளை இரசாயனம் குறைகிறது என்று வியன்னாவில் 1960இல் தெரியவருவதற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1937இல், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசுவாமியும், பிற்காலத்தில் அந்நோய்க்குத் தலையாய மருந்தாகிய லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர்.

உட்கூட்டில் இழைகள் அனைத்தும் நெருங்கிச் செல்வதால், அவ்விடத்துச் சிறு இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டாலும் வெடித்தாலும் எதிர்ப்பக்கத்து முகம், கை, கால் மூன்றும் ஒருங்கே தளரும்; நம்மவர் பாரிசவாயு என்றும் பக்கவாதம் என்றும் சொல்வது பெரும்பாலும் இதுவே. உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி நிமிர்வது இப்பாதை பழுதுற்றதன் அடையாளம் என்பதைப் பாரிஸில் பாபின்ஸ்கி 1896இல் அறிவித்தார். கைச்செலவில்லாத அச்சோதனையை, 1823இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் உட்பட, உலகின் மருத்துவமனைகள் எங்கும் இன்றும் செய்கின்றனர். அடைப்பினால் வந்த வாதமாயின், உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தினால் இழைகள் பல பிழைக்க வழியுண்டு. எனினும் அடைப்பா, கசிவா என்பதைப் படமெடுத்துப் பார்த்தே அறிய இயலும். ஆகவே மார்க்கெட்டில் கூடை சுமப்பவரோ கடையில் தராசு பிடிப்பவரோ திடீரென ஒரு கை தொய்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறுவாராயின், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று பொழுதைப் போக்காமல், அக்கணமே 108ஐ அழைத்து, மூளையைப் படமெடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுசெல்லுங்கள்.