அடியும் முடியும்: வரைகலை அட்டைகளின் விலைப்போர்

திருவண்ணாமலையின் தலபுராணம் ஒரு போட்டியின் கதை. தம்மில் பெரியவர் யார் என்று வாதிட்ட பிரம்மாவும் திருமாலும், அழற்றூணாய் நின்ற சிவனின் முடியையும் அடியையும் தேடிப் புறப்பட்டனர். வராகமாகி நிலத்தை அகழ்ந்த திருமால் தம் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்னமாகிப் பறந்த பிரம்மாவோ, முடியைக் கண்டதாகத் தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தார். கிராஃபிக்ஸ் கார்டு என்று கடைகளில் வழங்கும் வரைகலை அட்டைகளின் வரலாற்றைப் புரட்டும்போது இக்கதை நமக்கு நினைவுக்கு வருகிறது. அங்கும் இருவர்; அங்கும் முடிக்கான போட்டி; தாழம்பூவும் உண்டு.

முன்னணியில் இருந்த த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் 2000 டிசம்பரில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அதன்பின் களத்தில் வலுவுடன் நின்றவர்கள் அமெரிக்காவின் என்விடியாவும் கனடாவின் ஏடிஐயுமே. ஏடிஐயை 2006இல் ஏஎம்டி வாங்கியது. யாருடைய அட்டை உலகிலேயே வேகமானது என்பதே இதழ்களின் பேச்சாக இருந்தது. ஆனால் நம் ஊர்களில் சிறுகச் சேர்த்துக் கணினி கோத்துக்கொள்ளும் மாணவருக்கும் புகைப்பட நிலையத்தாருக்கும் எட்டியவை நூறு, இருநூறு டாலர் மதிப்புள்ள அட்டைகள்தாம்.

அந்த அடித்தட்டில்தான் தாழம்பூ பூத்தது. 2002இல் வந்த ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ், பெயரளவில் புதிய தலைமுறை. உள்ளே இருந்ததோ பெரும்பாலும் ஜீஃபோர்ஸ்2 காலத்துக் கட்டமைப்பு. முந்தைய ஆண்டே வெளிவந்த ஜீஃபோர்ஸ்3இல் இருந்த பிக்சல் ஷேடர் திறன் இதில் இல்லை. பெயரின் எண்ணை நம்பி வாங்கியவர் ஏமாந்தார். 2007இன் 8800 ஜிடி, மறு ஆண்டே 9800 ஜிடி ஆயிற்று. ஏஎம்டியும் விலக்கல்ல: 2013இல் பழைய எச்டி 7970 சிறு மாற்றங்களுடன் ஆர்9 280எக்ஸ் என்ற பெயரில் வந்தது.

உண்மையான போட்டி நிகழ்ந்தபோது விளைவு வேறாக இருந்தது. 2008 ஜூனில் என்விடியா தன் ஜிடிஎக்ஸ் 280ஐ 649 டாலருக்கும் ஜிடிஎக்ஸ் 260ஐ 399 டாலருக்கும் அறிவித்தது. அதன் சில்லின் பரப்பு 576 சதுர மில்லிமீட்டர். செய்வதற்கே செலவு மிகுந்தது. ஏஎம்டியோ முடியைத் தேடுவதை விட்டு, 256 சதுர மில்லிமீட்டர் சில்லொன்றைச் செய்து, அதே மாதத்தில் எச்டி 4850ஐ 199 டாலருக்கும் எச்டி 4870ஐ 299 டாலருக்கும் இறக்கியது. இரு நிறுவனங்களின் அட்டைகளுக்கும் வேகத்தில் இருந்த இடைவெளி, விலையில் இருந்த இடைவெளியைவிட மிகச் சிறிது. சில வாரங்களுக்குள் ஜிடிஎக்ஸ் 280 499 டாலராகவும் ஜிடிஎக்ஸ் 260 299 டாலராகவும் குறைந்தன. விலையைக் குறைத்தது நிறுவனத்தின் கருணையன்று; எதிராளியின் சிறிய சில்லு.

இருவர் மட்டுமே உள்ள சந்தையில் அவர்கள் பொருதாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்ற ஐயமும் அக்காலத்தில் எழுந்தது. 2006 இறுதியில் அமெரிக்க நீதித்துறை இரு நிறுவனங்களிடமும் ஆவணங்கள் கேட்டு விசாரித்தது. 2008இல் குற்றச்சாட்டு ஏதுமின்றி அவ்விசாரணை முடிந்தது. விலையைக் கூடி நிர்ணயித்தார்கள் என்று நுகர்வோர் தொடுத்த வழக்கு அதே ஆண்டில் சமரசத்தில் முடிந்தது.

2011 முதல் இன்டெல், ஏஎம்டி இரண்டின் மையச்செயலிகளுக்குள்ளேயே ஓரளவு திறனுள்ள வரைகலைப் பகுதி இடம்பெற, நூறு டாலருக்குக் கீழான அட்டைகள் தேய்ந்தன. 2021இல் எத்தீரியம் நாணயச் சுரங்கக்காரர்களும் சில்லுத் தட்டுப்பாடும் சேர்ந்து விலையை அறிவித்ததைப்போல் இருமடங்குக்கும் மேல் ஏற்றினர். 2022 ஜனவரியில் 199 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கு பிசிஐஇ தடங்களே இருந்தன. பழைய மதர்போர்டில் பொருத்தினால் அதன் வேகம் குறைந்தது. பழைய கணினியை வைத்திருப்பவரே மலிவான அட்டையைத் தேடுவார் என்பதை எண்ணினால் இதன் கொடுமை விளங்கும்.

2024 டிசம்பரில் இன்டெல் 12 ஜிபி நினைவகத்துடன் ஆர்க் பி580ஐ 249 டாலருக்கு வெளியிட்டு மூன்றாமவராக அடியைத் தேடி இறங்கியது. அது நிலைக்குமா என்பதில்தான் சிறுமுதலில் வாங்குவோரின் நலன் அடங்கியிருக்கிறது. அதுவரை, அட்டையின் பெயரைவிட அதன் உள்ளே இருக்கும் சில்லு எந்த ஆண்டினது என்று கேட்டு வாங்குவதே நமக்கு நல்லது.