4 ஜிபி ரேமில் முக்கால் ஜிபி எங்கே போனது?

2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்த சமயம், ரேம் விலை மளமளவென்று சரிந்தது. ஆசைப்பட்டு 4 ஜிபி வாங்கிப் போட்டவர்கள் கணினியைத் திறந்து பார்த்தால் 3.25 ஜிபி என்று காட்டியது. சிலருக்கு 3.5, சிலருக்கு 3-க்கும் கீழே! ரேமைக் கழற்றி மாட்டினார்கள், ஸ்லாட்டை மாற்றினார்கள், அழிரப்பரால் துடைத்தார்கள், கடைக்காரரிடம் சண்டைக்கும் போனார்கள். பெரும்பாலும் ரேமில் ஒரு குறையும் இல்லை. இந்த வம்பு 1981-லேயே தொடங்கியது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பிசியில் இருந்தது இன்டெல் 8088 சிப். அதற்கு 20 முகவரிக் கம்பிகள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 என்றால் மொத்தம் 10,48,576 முகவரிகள், அதாவது 1 எம்பி. ஆனால் முகவரி ரேமுக்கு மட்டும் போதாது. திரைக்கான மெமரி, பயாஸ், செருகும் கார்டுகள் எல்லாவற்றுக்கும் அதே தெருவில்தான் கதவு எண் தர வேண்டும். அதனால் ஐபிஎம் 640 கேபியைப் புரோகிராம்களுக்கு விட்டு, மேலே உள்ள 384 கேபியை இவற்றுக்கு ஒதுக்கியது. (640 கேபி யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் மறுத்துவிட்டார், ஆதாரமும் கிடைக்கவில்லை.)

இதில் முதலில் முட்டிக்கொண்டவர்களில் கணக்கு எழுதுபவர்களும் உண்டு. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3-யில் பெரிய கணக்குத்தாள் போட்டால் மெமரி தீர்ந்துவிடும். 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாப்ட் மூன்றும் கூடி ஒரு வழி செய்தன. கூடுதல் ரேமைத் தனிக் கார்டில் வைத்து, 64 கேபி ஜன்னல் வழியே துண்டு துண்டாகக் காட்டுவது. ஒட்டுப்போட்ட வேலைதான், ஆனாலும் ஓடியது.

அதே 1985-இல் வந்த 386 சிப்புக்கு 32 பிட் முகவரி, அதாவது 4 ஜிபி. அன்றைக்கு அது யாரும் தொட முடியாத உயரம். இருபது வருடத்தில் தொட்டுவிட்டார்கள், பழைய கதை திரும்பியது. கிராபிக்ஸ் கார்டும் மற்ற கார்டுகளும் 4 ஜிபியின் மேல்பகுதியில் இடம்பிடிக்க, அங்கே வர வேண்டிய ரேமுக்கு எண் இல்லாமல் போனது. கார்டு பெரிதானால் ரேம் இன்னும் குறையும். 1 ஜிபி கிராபிக்ஸ் கார்டு இரண்டு போட்ட ஒரு கேம் கணினியில் 4-க்கு 2.2 ஜிபிதான் கிடைத்தது என்று மைக்ரோசாப்ட்டின் மார்க் ருசினோவிச் 2008-இல் எழுதினார்.

எல்லாம் கணக்கின் குற்றம்தானா என்றால், இல்லை. 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவிலேயே 36 பிட் முகவரி வந்துவிட்டது, 64 ஜிபி வரை போகலாம். 32 பிட் விண்டோஸின் சில சர்வர் பதிப்புகள் அதை வைத்து 4 ஜிபியைத் தாண்டின. விஸ்டா போன்ற டெஸ்க்டாப் பதிப்புகளுக்குத் தடை. பல டிரைவர்கள் பெரிய முகவரியைக் கண்டால் தடுமாறி, கணினியே நின்றுவிடும் என்பது மைக்ரோசாப்ட் சொன்ன காரணம். அது பொய்யில்லை. ஆனால் விஸ்டாவைப் பிரித்து ஆராய்ந்த ஜெஃப் சாப்பெல், தடுத்து நிறுத்துவது ஒரு லைசென்ஸ் அளவு என்று 2009-இல் காட்டினார். சரக்கு ஒன்று, விலைப்பட்டியல் இரண்டு! அதைப் பெட்டியின் மேலேயே தெளிவாக அச்சிட்டிருந்தால் யாரும் கடைக்காரரைத் திட்டியிருக்க மாட்டார்கள். 2008-இல் வந்த விஸ்டா சர்வீஸ் பேக் 1 செய்தது வேறு. பயன்படும் ரேமைக் காட்டாமல், பொருத்திய ரேமைக் காட்டியது. திரையில் 4, கையில் அதே 3.25. மறு வருடம் விண்டோஸ் 7 இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டது.

தீர்வு 64 பிட். ஏஎம்டி 2003-இல் சிப்பைக் கொண்டுவந்தது, எக்ஸ்பியின் 64 பிட் பதிப்பு 2005-இல் வந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆனால் பழைய கணினியில் 64 பிட் போட்டும் சிலருக்கு ரேம் குறைந்தே நின்றது. பயாஸில் மெமரி ரீமேப் என்பதை ஆன் செய்தால், மறைந்த ரேமுக்கு 4 ஜிபிக்கு மேலே எண் கிடைக்கும். இன்டெல் 945 சிப்செட் போர்டுகளில் அந்த வசதியே இல்லை. அவற்றை வைத்திருந்தவர்கள் முக்கால் ஜிபிக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதான்.